சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு கார்கள்: நிறுவனம் ஏன் மறைந்தது, கார்கள் எப்படி இன்னும் ஓடுகின்றன

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் சென்னையிலேயே தயாரிக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த நிறுவனம் ஏன் மூடப்பட்டது? எங்கள் தாத்தா வாங்கிய நான்கு கதவு ஹெரால்டு ஒன்று ஊரில் கொட்டகையில் நெடுநாளாக நிற்கிறது. தயாரித்த நிறுவனமே இல்லாத ஒரு காரை மறுபடியும் ஓட வைக்க முடியுமா, அல்லது இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடுவதுதான் வழியா?

பதில்: தயவுசெய்து இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சேசி, அதாவது காரின் அடிச்சட்டம், உளுத்துப் போகாமல் இருந்தால் அந்தக் காரை நிச்சயமாக ஓட வைக்க முடியும். நிறுவனம் ஏன் மூடப்பட்டது என்பதும், கார் ஏன் இன்னும் பிழைத்திருக்க முடிகிறது என்பதும் இருவேறு கேள்விகளாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்டாண்டர்டு நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் வரையப்பட்ட வரைபடங்களை நம்பியே கார் செய்தது. அங்கிருந்து புதியவை வருவது நின்றதும் அதனால் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை. ஆனால் வரைபடம் அங்கிருந்து வந்தது என்பதனால்தான் அந்தக் கார்களின் எஞ்சினுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் வேண்டிய பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. சென்னைத் தொழிற்சாலை தானாக யோசித்துச் செய்தவை எவையோ, அவற்றுக்குத்தான் இன்று பாகம் கிடைப்பது கடினம். உங்கள் காரின் பின்கதவுகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

முதலில் வரலாறு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1903இல் கவென்ட்ரியில் ரெஜினால்டு மாட்ஸ்லி என்பவரால் தொடங்கப்பட்டது. நொடித்துப் போயிருந்த டிரையம்ப் கார் நிறுவனத்தை அது 1944இல் வாங்கியது. போர் முடிந்த கையோடு, 1947இல், உலகச் சந்தையை மனத்தில் வைத்து வேன்கார்டு என்ற முதுகு வளைந்த காரை அறிவித்தது. அந்தக் காரை இந்தியாவில் பூட்டி விற்பதற்காகச் சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 1948இல் உருவானதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையையொட்டி அமைந்தது. இன்று அந்த வழியே போகிறவர்களுக்குத் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும்தான் கண்ணில் படும். அங்கே கார் தயாரானதை நினைவூட்ட எதுவும் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் ஒன்று.

சென்னை அப்போதே கார்த் தொழில் வேரூன்றத் தொடங்கியிருந்த ஊர். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949இலிருந்து ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனம்தான் பிற்பாடு கார்களை விட்டுவிட்டு லாரி, பேருந்து பக்கம் போய் அசோக் லேலண்டு ஆனது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று உதிரிபாகத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்று மத்திய அரசு 1953இல் முடிவு செய்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நாட்டை விட்டு வெளியேறின. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய ஒப்புக்கொண்டு நின்றவற்றுள் ஸ்டாண்டர்டும் ஒன்று. காலப்போக்கில் இந்தியச் சாலைகளில் புதுக் கார் என்றால் மூன்றே பெயர்கள்தான் என்றாயிற்று: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு.

வேன்கார்டுக்குப் பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் போன்ற சிறிய கார்கள் வந்தன. அவற்றை விரைவாகக் கடந்து ஹெரால்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் அதுதான். சென்னையின் கார் வரலாற்றில் என் மதிப்பில் மிகச் சுவையான பொறியியலும் அதுதான்.

1950களின் நடுவில் கவென்ட்ரிக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அதற்குத் தகட்டை அழுத்திக் கார் உடல்களைச் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. உலகமெங்கும் சேசியும் உடலும் ஒன்றாக இணைந்த கட்டுமானத்துக்குக் கார்கள் மாறிக்கொண்டிருந்த காலத்தில், அத்தகைய ஒற்றை உடலை முழுதாக அழுத்தித் தர ஆளில்லாமல் போனதால், ஸ்டாண்டர்டு டிரையம்ப் பொறியாளர்கள் பழைய முறைக்கே திரும்பித் தனிச் சேசி ஒன்றைச் செய்து, அதன்மேல் பல சிறு தொழிற்சாலைகளில் தயாரான உடல் பகுதிகளைத் தனித்தனியாகப் போல்ட்டுப் போட்டு இறுக்கும்படி வடிவமைத்தார்கள். உருவத்தை வரைந்து தந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அங்கு வெளிவந்த அந்தக் காரே 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாராகத் தொடங்கியது. துண்டு துண்டாகப் பிரியும் உடல், பெரிய அழுத்த இயந்திரங்களுக்கு முதலீடு செய்ய முடியாத பெருங்களத்தூருக்கு ஒரு வரமாக அமைந்தது.

கொட்டகையில் நிற்கும் உங்கள் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால், இரு பக்கமும் உள்ள கொக்கிகளைத் தூக்கிவிட்டால், இரண்டு மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் சேர்ந்த முன்பாகம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ராக் எல்லாம் நின்றபடியே கைக்கு எட்டும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றலாம். அம்பாசடரில் குனிந்து தலையை உள்ளே விட்டு வேலை பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே முன்பகுதி அமைப்பால் முன் சக்கரங்கள் மிகக் கூர்மையாகத் திரும்பும். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் கார் முழுதாகச் சுற்றிவிடும். லண்டன் டாக்ஸியைப் போன்ற இந்தத் திருப்பம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற குறுகிய தெருக்களில் கார் வைத்திருந்தவர்களுக்கு ஹெரால்டைப் பிடித்துப் போனதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் பின்பக்கம் வேறு கதை. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒரே கட்டையான ஆக்சிலில் பொருத்தப்படவில்லை. எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் நடுவில் சேசியோடு நிலையாக இருக்க, இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். குறுக்காகக் கிடக்கும் ஒரே கமான் பட்டை இரண்டையும் தாங்கும். பிரிட்டனில் நான்கு பேர் ஏறிப் போகும்வரை இது சொகுசாகவே இருந்தது. நம் ஊரில் ஒரு குடும்பமே ஏறி, டிக்கியில் பெட்டிகளையும் அடுக்கினால் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்களின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். வளைவில் வேகமாகத் திருப்பும்போது வெளிப்பக்கப் பின் சக்கரம் உடலின் அடியில் மடங்க முயல்வதும் அந்த அமைப்பின் குணம். இந்திய ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கடைசிவரை அதை மனதார ஏற்றுக்கொள்ளவில்லை.

சென்னைப் பொறியாளர்கள் இந்தக் குறைகளைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவுக் காராகவே பிறந்து, இரண்டு கதவுக் காராகவே முடிந்தது. இங்கேயோ பின் இருக்கையில் பெரியவர்களும் பெண்களும் ஏறி இறங்க நான்கு கதவு வேண்டும் என்று வாங்குவோர் கேட்டார்கள்; ஓட்டுநர் வைத்துக்கொண்டு பின்னால் அமரும் வழக்கமும் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் சென்னையிலேயே உருவாக்கினார்கள். உலகில் வேறெங்கும் அப்படி ஒரு ஹெரால்டு தயாராகவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்கு அடுத்து வெளிவந்த கெஸல் என்ற கார் இன்னும் ஒரு படி மேலே போனது: முகப்பு மாற்றப்பட்டது, பின்னால் ஆடும் அரை ஆக்சில்கள் நீக்கப்பட்டு வழக்கமான கட்டை ஆக்சில் வைக்கப்பட்டது. வெளிநாட்டுக் காரை எடுத்துக்கொண்டு நம் தேவைக்கேற்ப இவ்வளவு தூரம் மாற்றியமைத்த துணிவு அந்தக் காலத்தில் அரிது. கெஸலை வெறும் முகம் மாற்றிய ஹெரால்டு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எஞ்சின் மட்டும் மாறவே இல்லை. அதே 948 சி.சி., 63 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), சுமார் 35 குதிரைத் திறன். பிரிட்டனில் இந்த எஞ்சின் 1953இல் 803 சி.சி.யாகத் தொடங்கி, 948, 1147, 1296 என்று வளர்ந்து, 1493 சி.சி. வரை போய், 1980 வரை தயாரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியது. நமக்கு 948க்கு மேல் வரவில்லை. 1961இல் போதுமானதாக இருந்த அந்தத் திறன், கார் கனத்துக்கொண்டே போன 1970களில் போதவில்லை.

இப்போது, ஏன் மூடப்பட்டது என்ற கேள்விக்கு வருகிறேன். பொதுவாகச் சொல்லப்படும் விடை, ஸ்டாண்டர்டு 2000 என்ற ஒரு கார் தோற்றதால் நிறுவனம் மூழ்கியது என்பது. அது கடைசி அடி மட்டுமே என்பது என் கருத்து. அதற்கு முன்பே பல பக்கங்களிலிருந்து நெருக்கடி சூழ்ந்திருந்தது.

கார் விலையை அன்று நிர்ணயித்தது அரசு. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். எவ்வளவு விலைக்கு விற்கலாம் என்பதற்கு ஆணை. 1969இல் மத்திய அரசு விதித்த விலை கட்டுப்படியாகாது என்று கார் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. நீதிமன்றம் தலையிட்டு விலை விசாரணைக் குழு அமைக்கப்படும் அளவுக்கு விஷயம் முற்றியது. மூன்று நிறுவனங்களுள் ஸ்டாண்டர்டு சிறியது. குறைந்த எண்ணிக்கையில் கார் செய்யும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு காருக்கும் ஆகும் செலவு கூடுதல்; அச்சுகளுக்கும் இயந்திரங்களுக்கும் போட்ட பணம் சில ஆயிரம் கார்களின் தலையில்தான் விழும். கட்டுப்படுத்தப்பட்ட விலையில் அந்தச் செலவை மீட்டுப் புதிய மாடலுக்குச் சேமிப்பது இயலாத காரியம். அந்தச் சமயத்தில் 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. இந்தியா முழுவதும் கார் விற்பனை சரிந்தது. அப்போதுதான் வெளிவந்திருந்த கெஸலுக்கு இதைவிடக் கெட்ட நேரம் அமைந்திருக்க முடியாது. 1977 வாக்கில் அது நின்றது. அதன் பிறகு பல ஆண்டுகள் பெருங்களத்தூரில் கார் தயாராகவில்லை. ஸ்டாண்டர்டு 20 என்ற சிறிய சரக்கு வண்டியே நிறுவனத்தைத் தாங்கியது.

கவென்ட்ரியிலும் நிலைமை மாறியிருந்தது. ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்தை லேலண்டு 1961இல் கையகப்படுத்தியது. ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் விற்பதை அங்கே 1963லேயே நிறுத்திவிட்டார்கள். பிறந்த நாட்டில் மறைந்த பெயர், அதற்குப் பின் கால் நூற்றாண்டு சென்னையில் மட்டும் காரின் நெற்றியில் இருந்தது. பெயர் வாழ்ந்தது, ஆனால் தாய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் வடிவமைப்பாளர்களும் அந்தப் பெயருக்காக வேலை செய்வதை நிறுத்திவிட்டார்கள். 948 சி.சி.க்கு மேல் சென்னைக்கு எஞ்சின் வராமல் போனதையும் நான் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன்.

1980களில் அரசின் பிடி தளர்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அம்பாசடர் நிறுவனம் கான்டெஸா என்ற காரையும், பம்பாயில் ஃபியட் செய்துவந்த பிரீமியர் நிறுவனம் 118 என்.இ. என்ற காரையும் கொண்டுவந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் பிரிட்டிஷ் லேலண்டின் ரோவர் எஸ்.டி.1 காரைத் தேர்ந்தெடுத்தார்கள்; அதுதான் இங்கே ஸ்டாண்டர்டு 2000 ஆனது. 1976இல் வெளியாகி, 1977ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது பெற்ற கார் அது. டேவிட் பேச் வரைந்த அந்த நீண்ட, தாழ்ந்த, கூர்மையான உருவம் 1985இல் இந்தியச் சாலையில் ஏற்படுத்திய வியப்பை அன்று பார்த்தவர்கள் இன்றும் விவரிப்பார்கள்.

ஆனால் பானெட்டுக்குக் கீழே இருந்தது என்ன? பிரிட்டனில் அந்த உடலுக்குள் 3528 சி.சி. வி8 எஞ்சின் வரை வைத்தார்கள். இங்கே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் உள்நாட்டுப் பாகங்கள் என்ற நிபந்தனையும் இருந்ததால், தொழிற்சாலையில் ஏற்கெனவே இருந்த வசதியைக் கொண்டு செய்யக்கூடிய எஞ்சினைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தது 1940களின் வேன்கார்டு எஞ்சினின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். இதை மட்டமாகப் பேசுவது நியாயம் அல்ல. சிலிண்டர் லைனர்களை மட்டும் உருவி மாற்றிவிடக்கூடிய, எளிதில் தளராத எஞ்சின் அது. அதன் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழவு செய்தது. அதே 1991 சி.சி. அளவில் 1953இன் டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் பாய்ந்தது. ஆனால் எடை மிகுந்த, சொகுசுக் காராக விலை வைக்கப்பட்ட ஒன்றுக்கு ஏறத்தாழ 83 குதிரைத் திறனும் நான்கு கியரும் ஈடுகொடுக்கவில்லை. பெட்ரோலையும் தாராளமாகக் குடித்தது. நம் சாலைகளுக்காகச் சஸ்பென்ஷனை உயர்த்தியதில் அந்தத் தாழ்ந்த உருவத்தின் அழகும் கொஞ்சம் கெட்டது. சிக்கனமான மாருதிக்காக ஊரே காத்திருந்த நாளில் இப்படி ஒரு கார் எத்தனை பேருக்கு விற்றிருக்க முடியும்? 1988இல் உற்பத்தி நின்றது. நிறுவனம் மறுபடி எழவில்லை.

அடுத்து நடந்த ஒரு செய்தியை ஸ்டாண்டர்டு பிரியர்கள் அடிக்கடி நினைவுகூர்வார்கள். பெருங்களத்தூரில் எஞ்சியிருந்த புத்தம் புதிய உதிரிபாகங்கள் 2006இல் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் எஸ்.டி.1 காருக்குரியவற்றைப் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் உதிரிபாக வியாபார நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொண்டுபோனது. ரோவர் எஸ்.டி.1 பிரிட்டனிலேயே 1986இல் நின்றுவிட்ட கார். அங்கே அதைப் பாதுகாப்பவர்களுக்குக் கதவுகளும் தகடுகளும் கிடைக்காமல் தவித்த வேளையில், சென்னையில் அழுத்தப்பட்ட பாகங்கள் பெட்டி பெட்டியாகப் போய் இறங்கின. இன்று பிரிட்டனில் ஓடும் சில எஸ்.டி.1 கார்களில் பெருங்களத்தூர்த் தகடு இருக்கக்கூடும். இலங்கையிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: மோரிஸ் மைனர் கார்கள் இன்றும் பெரிதும் விரும்பப்படும் அந்நாட்டில், 1990களில் காலி நகரில் அந்தக் காருக்கான உடல் பாகங்களைச் செய்து பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்தார்கள். நின்றுபோன ஒரு காரின் ஆயுள், அது பிறந்த நாட்டில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை.

இனி உங்கள் கார். இன்று ஹெரால்டு வைத்திருப்பவர்கள் மூன்று இடங்களை நம்பி இருக்கிறார்கள்.

ஒன்று பிரிட்டன். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு, விட்டெஸ் கார்களுக்காக 1977இல் தொடங்கப்பட்ட டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இன்றும் அங்கே இயங்குகிறது. அந்தக் கார்களின் எண்ணிக்கை மிகுதி என்பதால் பல வணிகர்கள் அவற்றுக்கான பாகங்களைப் புதிதாகவே செய்கிறார்கள். வால்வு, டைமிங் செயின், கேஸ்கெட், ட்ரனியன், ஸ்டியரிங் ராக் உறைகள், பிரேக் வீல் சிலிண்டர், கமான் பட்டை ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒத்துப்போகும். தபால் செலவும் சுங்க வரியும் சேரும்போது விலை கூடும், ஆனால் கிடைக்கும். 948 சி.சி. எஞ்சினுக்கே உரிய பிஸ்டன், பேரிங் போன்றவற்றை வாங்கும்போது மட்டும் 1147, 1296 எஞ்சின்களின் பாகத்தோடு குழப்பிக்கொள்ளாமல் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, நம் ஊர்ப் பட்டறைகள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் ஹெரால்டு பாகம் முன்போலக் கிடைப்பதில்லை என்றாலும், கடைக்காரர்களிடம் பாகத்தின் பெயரைச் சொல்லாமல் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டினால், வேறு வண்டியின் பாகம் ஒன்றை எடுத்துக் கொடுத்து அதை எவ்வளவு கடைய வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. லேத் பட்டறையில் புஷ் கடைந்து தருபவரும், தகட்டை வெட்டித் தட்டி உருவாக்கும் டிங்கரிங் ஆசாரியும் இல்லாவிட்டால் இந்தியாவில் எந்தப் பழைய காரும் ஓடாது. நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவுத் தகடு, கண்ணாடி, கதவோர ரப்பர், கெஸலின் கிரில், அதன் பின் ஆக்சிலின் உட்பாகங்கள் இவற்றுக்குப் பிரிட்டனில் கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் அவை அங்கே இருந்ததே கிடையாது. ஆகவே உங்கள் காரின் பின்கதவுகளில் உள்ள கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கருவி, குரோம் பட்டை எதுவும் தொலைந்துவிடாமல் முதலில் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, அந்தக் கார்களை வைத்திருக்கும் மனிதர்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் பழங்கால வாகனக் கண்காட்சிகளையும் ஊர்வலங்களையும் நடத்துகின்றன. ரோல்ஸ்ராய்ஸுக்கும் பென்ஸுக்கும் கூட்டம் கூடும் அந்த இடங்களில் ஹெரால்டு பக்கம் வருகிறவர்கள் வேறு விதமாக வருகிறார்கள். "எங்கள் வீட்டில் இருந்தது" என்றுதான் பேச்சு தொடங்கும். நடுத்தரக் குடும்பத்து மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் வாங்கிய கார் அது. நின்றுபோன கார்களுள் பத்மினிக்கும் (பம்பாய் ஃபியட்டின் பிற்காலப் பெயர்) அம்பாசடருக்கும் இப்படி ஆள் சேர்வது வியப்பல்ல: அம்பாசடர் 2014 வரை வந்தது, பத்மினி டாக்ஸிகள் மும்பையில் 2023 வரை ஓடின. 1970களிலேயே நின்றுவிட்ட ஹெரால்டுக்கும் கெஸலுக்கும் இன்றும் ஆள் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. யாரிடம் எந்தப் பாகம் கூடுதலாக இருக்கிறது, எந்த ஊரில் பிரித்துப்போட்ட கார் ஒன்று கிடக்கிறது என்ற செய்தி இவர்கள் வழியாகத்தான் பரவுகிறது. ஒரு ஹெரால்டைச் சரிசெய்ய இன்னொரு ஹெரால்டைப் பிரிப்பது வருத்தம் தரும் செயல்தான். ஆயினும் நான்கு கதவுக் காருக்கு அதுவே பெரும்பாலும் நடைமுறை.

காரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. ஹெரால்டில் பாரத்தைத் தாங்குவது சேசிதான். எனவே கதவிலும் மட்கார்டிலும் துரு தெரிந்தால் பதற வேண்டாம். அவை போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. காரை உயர்த்தி, சேசியின் பக்கவாட்டுக் கைகளையும் பின் டிஃபரென்ஷியல் பொருத்தப்பட்ட இடத்தையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கேதான் முதல் செலவு. கடற்கரை ஊரில் நின்ற காராக இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை.

அடுத்து, முன் சக்கரங்களின் கீழ்ப்பகுதியில் உள்ள ட்ரனியன். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த கம்பியின் மரை, ஒரு வெண்கல உருளைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்குக் கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் துப்பாக்கி கையில் இருப்பதால் நம் பட்டறைகளில் கிரீஸையே அடித்துவிடுவது வழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே இறுகிவிடும். அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள் அந்தக் கம்பி ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். நெடுநாள் நின்ற காரில் இரண்டு பக்கமும் இதைக் கழற்றிப் பார்க்காமல் சாலையில் இறக்கவே கூடாது.

எஞ்சினை உடனே செல்ஃப் அடித்துப் பார்க்க ஆசை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். பெட்ரோல் டாங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். இன்று பம்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது; 1960களின் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அது உருக்குலைத்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் டயஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தால், ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்தச் சொல்லுங்கள்.

எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சினை வையுங்கள் என்று யோசனை சொல்வோர் நிச்சயம் வருவார்கள். கேட்காதீர்கள். அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, சேசியிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனமே பழங்கால வாகனமாகக் கருதப்படும். உங்கள் ஹெரால்டு அந்த வயதைத் தாண்டிவிட்டது. அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, பழங்கால வாகனப் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. வாரம் ஒருமுறையாவது கடைத்தெருவுக்கு ஓட்டிப்போக விரும்பினால், பழங்கால வாகனமாக மாற்றாமல், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது மேல். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். ஓடாமல் நிற்கும் காரில்தான் பிரேக்கும் ஆயில் சீலும் முதலில் கெடுகின்றன.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆர்.சி. புத்தகம் அவசியம். அது இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்து அவர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து உரிமையை மாற்ற வேண்டும். அதன் பிறகே படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க முடியும். ஆர்.சி.யில் உள்ள சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று இப்போதே ஒரு துணியால் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தினால், பட்டறையைத் தேடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வேலையைத் தொடங்குங்கள். சேசியைப் பரிசோதிக்கக் கொடுப்பது அதற்கடுத்த வேலை.